நாய் பார்க்க வந்தவங்க

பிஸ்கட் போட்டது போதும், சன்னலைச் சாத்துங்க அம்மிணி. பஸ்ஸு கிளம்பிருச்சு. அந்த நாய் இனி அடுத்த பஸ்ஸுக்காரங்ககிட்ட வாலாட்டப் போயிரும். நீங்க யாரு நான் யாருன்னா அது பாக்குது?

கோவிச்சுக்காதீங்க. எனக்கு நாய் மேல கோவமில்லீங்க. நாய்க்குப் பிஸ்கட் போடற ஆளுங்களைக் கண்டாத்தான் இப்பெல்லாம் ஆகறதில்லை. அவங்க போடறது பிஸ்கட்டு. பறிக்கறது எதைன்னு கேட்டீங்கன்னா, அது பெரிய கதை. நீங்க எதுவரைக்கும்? ஒண்டிப்புதூருங்களா? நான் சிங்காநல்லூர்ல எறங்கோணும். வடவள்ளியில இருந்து அங்க போறதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம். இந்தப் பையைச் சித்தெ உங்க பக்கம் வெச்சுக்கறேன்.

எனக்கு ஒரே பொண்ணுங்க. கோகிலவாணின்னு பேரு. ஒரு காலேஜுல லைப்ரரி பாத்துக்கறா. முப்பத்தெட்டு முடிஞ்சுது. கல்யாணம் ஆகலை. அது வேற கதை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவங்கப்பா மில்லுல இருந்தாரு, தவறி ஆறு வருசமாச்சு. ஊடு சொந்த ஊடு. நானும் அவளுந்தான். காலையில டிபன் கட்டிக் குடுத்தா போவா, பொழுதோட வருவா. வந்தா ஃபோனைப் பாப்பா. அந்த ஃபோன்லதான் இந்த வினையே வந்துது.

வயசான நாய்களை எடுத்துக் காப்பாத்தற கூட்டம் ஒண்ணு இருக்குதுங்க. குட்டி நாயின்னா நான் நீன்னு வாங்கிட்டுப் போயிருவாங்களாம். எட்டு வயசு, பத்து வயசு ஆனதை ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போறவங்கதான் எச்சாம், ஏராளமாம். அப்படி விட்டதை இவங்க எடுத்து, வைத்தியம் பாத்து, அதுக்கு நிரந்தரமா ஒரு ஊடு தேடுவாங்க. ஊடு கிடைக்கற வரைக்கும் யாராச்சும் வெச்சிருந்து பாத்துக்கோணும். அதுக்கு ஃபாஸ்டர்னு பேரு. ஒரு மாசம்மா, ஒரே மாசம்னு கோகிலா கெஞ்சினா. ஊடு என் பேர்ல இருக்கறதால ஃபாரமும் என் பேர்லதான். போட்டேன் கையெழுத்தை. அவ கேட்டு நான் எதை இல்லேன்னு சொல்லியிருக்கறேன்?

தாரிணின்னு ஒரு பொண்ணு கார்ல கொண்டாந்து எறக்குச்சு. அந்தக் கூட்டத்துக்கு அதுதான் எல்லாம். ஒல்லியா, கை நிறைய நகக்கீறலோட, எதைக் கேட்டாலும் சிரிச்சுட்டே பதில் சொல்லும். சிரிச்சுட்டே பேசறவங்களை நான் நம்பறதே இல்லீங்க.

நாய் பொட்டை. லேப்ரடார் ஜாதி, ஒம்பது வயசு. குட்டி வித்துப் பொழைக்கறவன் எவனோ வெச்சிருந்திருக்கான். வருசா வருசம் குட்டி. இனி ஆகாதுன்னு தெரிஞ்சதும் சூலூர்ப் பக்கம் பைபாஸ்ல எறக்கி விட்டுட்டான். மடி தொங்கித் தரையில படும். பின்னங்கால் ரெண்டும் இழுத்துட்டு நடக்கும். ஆலிவ்னு பேரு வெச்சிருந்தாங்க. அதென்ன பேருங்க அது? நான் பாப்புன்னுதான் கூப்புட்டேன். கோகிலா ஆலிவ்ங்குவா, நான் பாப்புங்குவேன். அது ரெண்டுக்கும் திரும்பாது.

வந்த பத்து நாளும் செவுத்தைப் பாத்துட்டே நின்னுச்சுங்க. படுக்கக் கூட மாட்டேங்குது. ஆளு இருந்தா வட்டல்ல வாய் வெக்காது. நாங்க அக்கட்டப் போனாத்தான் திங்கும். நான் தயிருஞ்சோறு பெனஞ்சு வெச்சேன், ஈரல் வேக வெச்சுப் போட்டேன், முட்டை போட்டேன். பாசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு உசுரு நம்ம ஊட்டுல பட்டினி கெடக்கக் கூடாது பாருங்க. பதினோராம் நாள் நான் டிவி பாத்துட்டு உக்காந்திருக்கறேன், வந்து என் காலு மேல சாஞ்சுட்டு உக்காந்துருச்சு. முழு பாரத்தையும் போட்டு. காலு மரத்துப் போச்சு. எந்திரிச்சா அது விழுந்துருமேன்னு அப்படியே இருந்தேன். தொந்தரவுதான், என்ன பண்றது.

ரெண்டு மாசத்துல நல்லா உருண்டு திரண்டு வந்துச்சு. அந்தத் தாரிணி வந்து எடை போட்டுப் பாத்துட்டு, “அம்மா, முப்பத்தி நாலு கிலோ இருக்கு. இடுப்புத் தாங்காதும்மா. சோறு கொறைங்க, முறுக்கெல்லாம் குடுக்காதீங்க”ங்குது. முறுக்கு குடுத்ததை அதுக்கு யாரு சொன்னா? கோகிலாதான் சொல்லியிருக்கோணும். எங்கூட்டுல இருந்து எவனும் எளச்சுப் போனதா சரித்திரமில்லைன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு கேட்டுது. “அம்மா, உங்ககிட்ட இவ்ளோ ஒட்டிக்கிச்சே, நீங்களே எடுத்துக்கங்களேன். ஒரு ஃபாரம் மாத்திப் போட்டா முடிஞ்சுது.”

எனக்கு வந்துதே கோவம். “ஏன் அம்மிணி, நாயை எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்கற அளவுக்கு நான் எறங்கிப் போகலை. உங்களுக்காகத்தான் வெச்சிருக்கறேன். ஊடு பாத்தா கூட்டிட்டுப் போங்க”ன்னேன். சரிங்கம்மான்னு சிரிச்சுட்டே போயிருச்சு. மறுக்காவும் ஒரு நாள் கேட்டுது. மறுக்காவும் அதையேதான் சொன்னேன்.

அப்புறம் ஆரம்பிச்சுதுங்க, நாய் பார்க்க வர்றது.

மொதல்ல சரவணம்பட்டியில இருந்து ஒரு சோடி. ரெண்டும் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஒரு வருசம். கோகிலா வேலைக்குப் போயிருந்தா. காப்பி குடுத்தேன், மிச்சர் வெச்சேன், ஊட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரித்தான் கவனிச்சேன். எத்தனாவது மாடின்னு கேட்டேன். நாலாவதுன்னாங்க. “நாய் பால்கனியில இருந்து எட்டிக் குதிச்சுதுன்னா?”ன்னேன். அந்தப் பையன் நாயைப் பாத்தான். அது எந்திரிக்கறதே பெரும்பாடு. “இதா குதிக்கும்?”ங்கறான். என்ன தைரியமுங்க! “ராத்திரியெல்லாம் மோளும், மெத்தையிலதான் மோளும், நாத்தம் போகாது”ன்னும் சொல்லி வெச்சேன். ஒருக்கா மோண்டுச்சுங்க, வந்த புதுசுல. இல்லேன்னு சொல்ல முடியாதில்ல? மூஞ்சி சுருங்கிருச்சு ரெண்டுக்கும். மோளறதுக்கே மூஞ்சி சுளிக்கறவங்க நாளைக்கு அது நோவுல கெடந்தா பாப்பாங்களா?

ரெண்டாவது வந்தவரு ஆனைமலைக்காரரு. துரைச்சாமின்னு பேரு, மிலிட்டரியில இருந்து வந்தவரு. தென்னந்தோப்பு இருக்குதாம். அவரு நாய் செத்து ஆறு மாசமாச்சாம். சோபாவுல உக்காருங்கன்னா உக்காரலை, நேரா தரையில சம்மணம் போட்டுட்டாரு. பேசவே இல்லை. கையில ஒரு துண்டு பனங்கற்கண்டை வெச்சுட்டு நீட்டுனாப்பல உக்காந்திருக்காரு, கால் மணி நேரம். இது எந்திரிச்சுப் போயி தின்னுருச்சு. என்ற ஊட்டுல பத்து நாளு செவுத்தைப் பாத்துட்டு நின்னது, அவரு கையில கால் மணி நேரத்துல தின்னுருச்சு.

“உங்கூட்டுல பொம்பளைங்க யாரும் இல்லீங்களா?”ன்னேன்.

“சம்சாரம் போயிருச்சுங்க. பசங்க வெளியூரு.”

“உங்களுக்கு வயசு?”

“எழுபத்தொண்ணுங்க. இதுக்கு ஒம்பது. ரெண்டு பேருக்கும் சரியாத்தான் இருக்கும்.”

“ஒருவேளை நீங்க முந்திட்டீங்கன்னா?”

அவரு என்னையப் பாத்தாரு. கோவமெல்லாம் படலை. நாயோட தலையை ஒருக்காத் தடவிட்டு, செவுத்தைப் பிடிச்சு எந்திரிச்சு, கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. தாரிணிகிட்ட ஃபோன்ல சொன்னாராம், “அந்தம்மா குடுக்கற ரோசனையில இல்லீங்க, விட்டுருங்க”ன்னு. பாருங்க, எப்படித் திரிக்கறாங்க! கேக்க வேண்டியதைக் கேக்கறது தப்புங்களா?

கோகிலாவைப் பாக்க வர்றப்பவும் நான் இப்படித்தான் எல்லாத்தையும் கேட்டுருவேன். உடுமலைப்பேட்டைப் பையன் ஒருத்தன் வந்தான், முன்நெத்தி பாதி ஏறிப் போச்சு. கரூர்ல இருந்து ஒருத்தன், அவங்கக்கா பேசுற பேச்சே சரியில்லை. தாராபுரத்துக்காரங்க நல்லவங்கதான், ஆனா ஊட்டுக்குள்ள அஞ்சு படி எறங்கிப் போகோணும், பள்ளத்துல கட்டுன ஊடு. அதுல எல்லாம் பொண்ணைக் குடுக்க முடியுங்களா? அவங்கப்பாவுக்கு வாயே கெடையாது. நாந்தான் எல்லாத்தையும் பாத்துப் பாத்து வேண்டாம்னு சொன்னேன். பெத்தவளுக்குத்தானே தெரியும்.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. நான் எடுத்துட்டேன். ஆங்.

மூணாவது வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு கோகிலா ஊட்டுல இருந்தா. காலையிலயே நாயைக் குளிப்பாட்டி, காதெல்லாம் தொடச்சு, பவுடர் போடாததுதான் பாக்கி. குனியமுத்தூர்ல இருந்து புருசன், பொண்டாட்டி, ஏழு வயசுல ஒரு புள்ளை. அந்தப் புள்ளை வந்ததும் கீழ உக்காந்து ஒரு புக்கை எடுத்து நாய்க்குக் கதை வாசிக்குதுங்க! இது போயி அந்தப் புள்ளையோட பாதத்து மேல தலையை வெச்சுப் படுத்துருச்சு. அந்தம்மா கண்ணைத் தொடைக்குது. புருசன்காரன் ஃபோட்டோ எடுக்கறான். கோகிலா சமையக்கட்டு வாசல்ல காப்பித் தட்டோட நின்னு சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தனை வருசமோ ஆச்சு. எல்லாருஞ் சேந்து முடிவு பண்ணிட்டாங்க, என்னைய யாரும் கேக்கவே இல்லை.

“குழந்தை இருக்கற ஊடு, அதனால சொல்றேன்”ன்னேன். “இதுக்கு ஃபிட்ஸ் வரும்னு நெனைக்கறேன்.”

அந்தம்மா, “ஃபிட்ஸா? அவங்க சொல்லலையே”ன்னா.

“தூக்கத்துல காலை உதறும். வாயில நுரை வந்தாலும் வரும். குழந்தை பக்கத்துல படுத்திருக்கறப்ப வந்துதுன்னா?”

காலை உதறும், அது நெசம். தூக்கத்துல ஓடற மாதிரி உதறும். அது ஃபிட்ஸா இல்லையான்னு சொல்ல நான் என்ன டாக்டருங்களா? நெனைக்கறேன்னுதானே சொன்னேன். அந்த ஆளு புள்ளையைத் தூக்கிட்டான். யோசிச்சுச் சொல்றோம்னு கெளம்பிட்டாங்க. புள்ளை ரோட்டுல அழுதுட்டே போகுது.

திரும்பிப் பாக்கறேன், கோகிலா அதே எடத்துல நிக்கறா. தட்டுல காப்பி ஆடை கட்டிருச்சு.

“அம்மா, அருள்மணி வீட்டுல நீ என்ன சொன்ன?”

அருள்மணிங்கறது யாருன்னா, அவ காலேஜுல வாத்தியாரா இருந்த பையன். பத்து வருசமிருக்கும். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுப் போச்சு, அவன் அவங்கம்மாவையும் கூட்டிட்டு வந்து பேசுனான். எல்லாம் சரியாப் போயிட்டிருந்துச்சு. அப்புறம் என்னமோ அந்தப் பக்கமிருந்து பேச்சே வரலை. ஒரு வருசத்துல வேற காலேஜுக்குப் போயிட்டான்.

“என்ன சொன்னேன்? ஒண்ணுஞ் சொல்லலை”ன்னேன்.

“அம்மா.”

அவ அப்படி என்னையக் கூப்புட்டதே இல்லீங்க. எனக்கு மறைக்கறதுக்கு என்ன இருக்குது? சொன்னேன். அவங்கம்மாவைத் தனியா சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, நாலு வயசுல உனக்குக் காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துதுன்னு சொன்னேன், மறைச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்கு உன்னையத்தானே கேப்பாங்கன்னேன்.

“ஒரே தடவை. நூத்தி நாலு காய்ச்சல்ல. அப்புறம் வரவே இல்லை.”

“வரும்னும் நான் சொல்லலை. வரலாம்னுதான் சொன்னேன்.”

அவ காப்பித் தட்டைக் கொண்டு போயி தொட்டியில வெச்சா. ஒவ்வொரு டம்ளராக் கழுவுனா. திரும்பாமயே சொன்னா: “பத்து வருசமா நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு யோசிச்சுட்டிருந்தேன்மா. அவர்கிட்ட நான் ஏதோ தப்பாப் பேசிட்டேன் போலன்னு. கடைசியாப் பேசுனது ஒவ்வொண்ணையும் நெனச்சு நெனச்சுப் பாத்திருக்கேன்.”

அவ்வளவுதான் அம்மிணி. அழுகலை. அழுதிருந்தா நான் நாலு வார்த்தை சொல்லித் தேத்தியிருப்பேன். டம்ளரைத் தொடச்சுக் கவுத்தி வெச்சுட்டு நாயைக் கூட்டிட்டு நடக்கப் போயிட்டா.

அதுக்கப்புறம் ஊட்டுல ஒரு சத்தமில்லை. அவ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவா. ஃபோனைக் கூடப் பாக்கறதில்லை. நாய் பாக்க யாரும் வரலை. மூணு பேரும் நிம்மதியா இருந்தோம். அந்த மூணு வாரம்தாங்க எனக்கு இந்தக் கதையிலயே நல்லா இருந்த காலம். பொழுதோட நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருப்போம், நடுவுல அது படுத்திருக்கும். வேற என்ன வேணும் ஒரு ஊட்டுக்கு?

நாலாவது சனிக்கெழமை காலையில கார் சத்தம். தாரிணி. சிரிக்கலை அன்னைக்கு.

“அம்மா, ஆலிவுக்கு வீடு கிடைச்சிருச்சு. கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“யாரும் வந்து பாக்கலையே?”

“அவங்க ஏற்கனவே பாத்திருக்காங்க. நாங்களும் அந்த வீட்டைப் போய்ப் பாத்துட்டோம். கீழ் வீடு. முன்னாடி மண்ணு வாசல் இருக்கு, கால் வழுக்காது.”

நான் கேட்டைச் சாத்தி நின்னுட்டேன். “யாருன்னு சொல்லு. நான் கேக்க வேண்டியதைக் கேக்காம அனுப்ப மாட்டேன்.”

“நீங்க கேட்டதெல்லாம் போதும்மா”ன்னுச்சுங்க அந்தப் பொண்ணு. “மூணு வீடு. அதுல ஒரு வீட்டுல அந்தக் குழந்தை இன்னும் கேட்டுட்டிருக்கு. நாங்க இந்த மாதிரி நாய் எத்தனை வெச்சிருக்கோம் தெரியுமா? இது இங்கிருந்து போனாத்தான் அடுத்தது ரோட்டுல இருந்து உள்ள வர முடியும். நீங்க ஒரு நாயை மட்டும் நிறுத்தி வெக்கலை.”

என்ற வாசல்ல நின்னுட்டு என்னையப் பாத்து! நானும் விடலை. மண்டைக்கனம் புடிச்சவ, புள்ளை குட்டி இல்லாதவளுக்கு ஒரு உசுர வளக்கறது என்ன தெரியும்னேன். ஊருப்பட்ட பேச்சு பேசுனேன். பக்கத்தூட்டு ஆளுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. கடசீல, “சரி, குடு அந்த ஃபாரத்தை, நானே எடுத்துக்கறேன்”ன்னேன். வேணும்னு இல்லீங்க, ஒரு பேச்சுக்கு.

“லேட்டும்மா. ரெண்டு தடவை கேட்டேன். இப்ப கையெழுத்தாயிருச்சு.”

“யாரு கையெழுத்து?”

“என்னுதும்மா.”

பின்னாடி கோகிலா நிக்கறா. ரெண்டு கையிலயும் ரெண்டு பை. தோள்ல ஒண்ணு. நாய் அவ காலோட ஒட்டி நிக்குது.

எனக்கு மொதல்ல வெளங்கவே இல்லை. நம்ம ஊட்டு நாயை நம்ம ஊட்டுப் பொண்ணே எதுக்கு எழுதி வாங்கோணும்? அப்புறந்தான் பையைப் பாத்தேன். வடவள்ளியில ஊடு பாத்து, முன்பணம் குடுத்து, பாத்திரம் பண்டம் வாங்கிப் போட்டு, அந்தத் தாரிணியை வரச் சொல்லி வீட்டைக் காட்டி, எல்லாம் முடிச்சிருக்கா. நான் கட்டிக் குடுத்த டிபனைத் தின்னுட்டே முடிச்சிருக்கா.

“யாரையும் கூட்டிட்டுப் போறியா?”ன்னு கேட்டேன். வேற என்ன நெனைக்கறது?

“ஆலிவைத்தான்”னா.

“முப்பத்தெட்டு வயசுல பெத்தவளை விட்டுட்டு நாயோட போறியே, ஊரு என்ன சொல்லும்?”

“நீ ஏதாச்சும் சொல்லுவம்மா. நீ சொல்றதைத்தான் ஊரு சொல்லும்.”

கன்னத்துல அறைஞ்சிருந்தாக் கூடப் பொறுத்திருப்பேன்.

அப்புறம் நாயைக் கார்ல ஏத்தோணும். அது ஏற மாட்டேங்குது. இவ முன்னங்காலைப் பிடிக்கறா, அவ வயித்தைப் பிடிக்கறா, ரெண்டுக்கும் தூக்கத் தெரியலை. அதுக்குப் பின்பக்கம் துணி குடுத்து ஏந்தித் தூக்கோணுமுங்க, இல்லீன்னா இடுப்புல சுருக்குன்னு பிடிக்கும். எட்டு மாசம் தூக்குனவ நானு. அது ஒரு மொனகல் மொனகுச்சு. என்னால பாத்துட்டு நிக்க முடியலை. போயி என்ற முந்தானையைக் குடுத்து, பின்னால ஏந்தி, ஏத்தி விட்டுட்டேன். என்ற கையாலயே ஏத்தி அனுப்பிச்சுட்டேன் அம்மிணி. கார் போனதுக்கப்புறந்தான் அது எனக்கு ஒறைச்சுது.

நாப்பது நாளாச்சு. ஞாயித்துக்கெழமையானா ஃபோன் பண்றா. நான் எடுக்கறதில்லை. அடிச்சு ஓயட்டும்னு பாத்துட்டே உக்காந்திருப்பேன். மூணு தடவை அடிக்கும்.

இன்னைக்குத்தான் கெளம்பி வந்தேன். காலேஜுல ஒரு அம்மாகிட்ட அட்ரஸ் வாங்குனேன். வேலை நாளாப் பாத்துத்தான் வந்தேன், அவ இருக்க மாட்டான்னு தெரியும். அவளைப் பாக்கறதுக்கு ஒண்ணும் வரலையே நான். ஈரல் வாங்கி, வேக வெச்சு, டப்பாவுல போட்டுட்டு வந்தேன். பாவம், அவ என்னத்தைப் போடறாளோ.

கேட்டைத் தொறந்தேன் பாருங்க, உள்ள இருந்து அப்படிக் குரைக்குது! எங்கூட்டுல எட்டு மாசத்துல அது குரைச்சு நான் கேட்டதே இல்லீங்க. ஊமையோன்னு கூட நெனச்சிருக்கறேன். அந்தக் குரலு இருக்குதே, நெஞ்சு அடைச்சாப்பல கனமா, நாலு ஊடு கேக்கறாப்பல. சன்னலுக்குப் போயி, “பாப்பு, நாந்தான்”ன்னேன். நின்னுச்சு. மூக்கை நீட்டி மோந்து பாத்துச்சு. கம்பி வழியா கையை நக்குச்சு. ஈரலு குடுத்தேன், தின்னுச்சு. தின்னுட்டுப் போயி அது எடத்துல படுத்துருச்சு. படுக்கை பெரிசா, மெத்துன்னு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கா. எளச்சுருச்சுங்க, பாதி ஆளாயிருச்சு. நடை என்னமோ நல்லா நடக்குது.

மாடியில இருந்து ஊட்டுக்காரம்மா எட்டிப் பாத்தாங்க. யாருன்னாங்க. கோகிலாவோட அம்மான்னேன். மேல வாங்கன்னாங்க. போனேன். சொல்ல வேண்டியதை யாராச்சும் சொல்லோணுமில்ல? வாடகைக்கு வெச்சிருக்கறவங்க பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? தனியா இருக்கற பொண்ணு, பெத்தவளோட சண்டை போட்டுட்டு வந்தவ, சின்ன வயசுல இன்னின்ன நோவு, அந்த நாய்க்கும் ஒரு சந்தேகமிருக்குதுன்னு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். எனக்கு அதுல என்ன லாபம்? மிஞ்சிப் போனா காலி பண்ணச் சொல்லுவாங்க. சொன்னா ரெண்டும் எங்க போகும்? எங்கூட்டுக்குத்தான் வரோணும்.

அந்தம்மா குறுக்க பேசாமக் கேட்டாங்க. எல்லாங் கேட்டு முடிச்சுட்டு என்ன சொன்னாங்க தெரியுங்களா?

“தெரியுமுங்க. கோகிலா வீடு பாக்க வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிருச்சு. எங்கம்மா ஒரு நாள் வருவாங்க, இதெல்லாம் சொல்லுவாங்க, நீங்க ஒண்ணும் எதுத்துப் பேசாதீங்க, கேட்டுக்கங்க, வெய்யில்ல வந்திருப்பாங்க, உக்கார வெச்சுக் காப்பி குடுத்து அனுப்புங்கன்னு சொல்லுச்சு.”

சொல்லிட்டு உள்ள போயி காப்பி கொண்டாந்து வெக்கறாங்க.

எனக்கு எந்திரிச்சு வந்துரோணும்னுதான் இருந்துச்சு. போட்ட காப்பியை வீணாக்கக் கூடாது பாருங்க. டம்ளரை எடுத்து வாயில வெக்கறேன், சக்கரை இல்லை அம்மிணி. சொட்டுச் சக்கரை இல்லை. மறந்துட்டீங்களான்னு கேட்டா, “உங்களுக்குச் சக்கரை ஆகாதுன்னு கோகிலா சொல்லியிருந்துச்சுங்க”ங்கறாங்க.

எனக்குச் சக்கரை நோவு இருக்கறது என்ற கூடப் பொறந்தவங்களுக்கே தெரியாதுங்க! ஏழு வருசமா ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டதில்லை. அவளுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். அதைப் போயி முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளைகிட்டச் சொல்லி வெச்சிருக்கா. ஒருத்தரோட நோவை இப்படி மூணாம் மனுசங்ககிட்டப் போயிச் சொல்றது என்ன பழக்கமுங்க? அவளுக்கு நான் இப்படியா சொல்லிக் குடுத்து வளத்தேன்?